உடல் கொதிக்கும்போது குளிர்வது ஏன்?

கேள்வி: காய்ச்சல் ஏறும்போது தொட்டால் உடம்பு சுடுகிறது, நோயாளியோ குளிர் தாங்காமல் நடுங்குகிறார். இந்த முரண் எதனால்?

பதில்: மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், உடல் எவ்வளவு வெப்பத்தில் இருக்க வேண்டும் என்ற இலக்கை வைத்துக்கொண்டு, அதற்கேற்பத் தசைகளையும் வியர்வைச் சுரப்பிகளையும் தோலின் இரத்தக் குழாய்களையும் இயக்குகிறது. கிருமி புகுந்ததும் வெள்ளையணுக்கள் வெளியிடும் சில புரதங்களின் தூண்டுதலால் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகி, 37 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்த அந்த இலக்கை 39 டிகிரிக்கோ அதற்கு மேலோ உயர்த்திவிடுகிறது. உடலின் வெப்பம் அந்த அளவை எட்டாத வரையில், மூளையின் கணக்கில் அது குளிர்ந்துபோன உடல்தான். ஆகவே, வெப்பம் வெளியேறாதபடி தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால்கள் சில்லிடுகின்றன. தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. இலக்கு மீண்டும் இறங்கும்போது, சேர்ந்திருந்த வெப்பத்தை வெளியேற்ற வியர்த்துக் கொட்டுகிறது.

வியர்த்ததால் காய்ச்சல் விட்டது என்று பலரும் நம்புகிறார்கள். காய்ச்சல் விடத் தொடங்கியதால்தான் வியர்க்கிறது. குளிர்கிறது என்பவருக்கு ஒரு போர்வை தருவதில் தவறில்லை. ஆனால், வியர்க்க வைப்பதற்காகவே கைக்குழந்தையைக் கம்பளியால் இறுகச் சுற்றுவது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐஸ் நீரில் நனைத்த துணியால் துடைப்பதும் நடுக்கத்தைத்தான் கூட்டும்.

பாராசிட்டமால் மாத்திரை மூளையில் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைத்து இலக்கை இறக்குகிறது. ஆஸ்பிரின் இந்த வேதிப்பொருளைத் தடுத்தே செயல்படுகிறது என்பதை 1971இல் கண்டறிந்த பிரிட்டன் மருந்தியலாளர் ஜான் வேன், 1982ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவர். வெயிலில் வேலை செய்து வெப்பத்தாக்கத்தால் மயங்கி விழுந்தவருக்கு இந்த இலக்கு உயர்வதே இல்லை என்பதால் மாத்திரையால் பயனில்லை. அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கேள்வி: மாலையில் தெர்மாமீட்டர் 99 டிகிரி காட்டினால் அது காய்ச்சலா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் என்ற எண், ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ் 1868இல் வெளியிட்ட நூலால் பரவிய ஒரு சராசரி மட்டுமே. உடல் வெப்பம் அதிகாலையில் குறைந்தும் மாலையில் சற்று உயர்ந்தும் இருப்பது இயல்பு, 100.4 டிகிரியையும் அதற்கு மேலுமே பொதுவாகக் காய்ச்சல் என்கிறோம். இருப்பினும், மாலைதோறும் உடம்பு சூடேறி, எடை குறைந்து, இருமலும் இரண்டு வாரங்களைக் கடந்து நீடித்தால், காசநோய்க்கான சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: டெங்கு என்று சொன்ன மகனுக்கு நான்காம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. பள்ளிக்கு அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், மிகுந்த கவனம் தேவைப்படும் கட்டம். சிலருக்கு அப்போது நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ச்சத்து வெளியே கசிந்து, இரத்த அழுத்தம் சரியக்கூடும். நெற்றி குளிர்ந்திருப்பதைக் கண்டு வீட்டார் நிம்மதியடையும் நேரமும் அதுவே என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி கொடுங்கள். இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் கூடாது. பாராசிட்டமாலையும் எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தாலும், இரவென்று பாராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.