கடன் வாங்கிக் கழித்தலைச் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குச் சொல்லித்தர ஆசிரியர்களை எப்படித் தயார்செய்வது?

முதலில் மாணவர் எழுதிய விடையைப் படித்துக் காரணம் கண்டுபிடிக்க ஆசிரியர்களைப் பழக்குங்கள். 52 − 27 = 35 என்று எழுதியிருந்தால் அது கவனக்குறைவு இல்லை; ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார். காரணம் புரியாமல் இதே மாதிரிக் கணக்குகளைக் குவித்தால் தவறுதான் ஊறிப்போகும்.

அடுத்து, ஆசிரியர்களே குச்சிகளைக் கையில் எடுக்கட்டும்: 5 பத்துக்கட்டு, 2 தனிக்குச்சி. 7 குச்சி எடுக்க முடியாது. ஒரு கட்டைப் பிரித்தால் 4 கட்டு, 12 குச்சி. 27 எடுத்தால் மீதி 25. பிறகு கட்டுக்குக் கோடு, குச்சிக்குப் புள்ளி என்று வரைதல். கடைசியில்தான் வெறும் எண்.

பெரும்பாலும் சறுக்குவது, வரையும் கட்டத்தைத் தாண்டி நேரே எண்ணுக்குப் போவதில்தான். கட்டைப் பிரித்த அந்த நொடியிலேயே 5-ஐ அடித்து 4 எழுதவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் குச்சி விளையாட்டும் கணக்கும் ஒட்டாமல் நிற்கும். 'கடன் வாங்கு', 'பத்தைப் பிரி' என்று நாளொரு சொல்லாக மாற்றவும் கூடாது.