இத்தாலியக் கடலோரத்தில் வாடகைக் கார்: அபராதம் வீடு தேடி வருவது ஏன்?

கேள்வி: ஜூன் மாதத்தில் மனைவி, 8 வயது மகள், 3 வயது மகன் ஆகியோருடன் ஜெனோவாவில் வாடகைக் கார் எடுத்து, சிங்குவே தெர்ரே, பிசா வழியாக அமால்ஃபி கடற்கரை வரை ஓட்டிச் சென்று, நாப்போலியில் (நேப்பிள்ஸ்) திருப்பித் தர எண்ணியுள்ளேன். சென்ற ஆண்டு இதே வழியில் சென்ற என் சகலைக்கு, ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்து மூன்று அபராதக் கடிதங்கள் வந்தன. அங்கே அவரை எந்தக் காவலரும் நிறுத்தவே இல்லை. எங்களுக்கும் அப்படி நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? இங்குள்ள முகவர் ‘சர்வதேச உரிமத்தை’த் தாமே வாங்கித் தருவதாகவும், குழந்தை இருக்கை அங்கே கட்டாயமில்லை என்றும் சொல்கிறார்.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் சகலையைப் பிடித்தது காவலர் அல்ல, கேமரா. இத்தாலியின் பழைய நகரங்கள் பலவற்றில் மையப் பகுதிக்குள் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம். இந்தத் தடைப் பகுதியை அங்கே ‘இசட்.டி.எல்.’ என்று குறிப்பிடுவார்கள். ஜெனோவா, பிசா, நாப்போலி மூன்றிலும் அது உண்டு. நுழைவாயிலில் சிவப்பு விளிம்பிட்ட வெள்ளை வட்டப் பலகையும் அதன் கீழே நேர விவரமும் இருக்கும். மின்பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எழுதியிருந்தால் கேமரா வேலை செய்கிறது என்று பொருள். பல இடங்களில் குறுக்குக் கம்பமோ காவலாளியோ இருக்க மாட்டார்கள் என்பதால், முன்னால் செல்லும் உள்ளூர் வண்டியின் பின்னாலேயே புதியவரும் நுழைந்துவிடுவார். கைப்பேசி காட்டும் வழியையும் முழுதாக நம்ப வேண்டாம். குறுகிய வழி எதுவோ அதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

தாமதத்திற்குக் காரணம் சட்டமே. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அறிவிப்பு அனுப்ப 360 நாள் அவகாசம் இருக்கிறது. கேமராவில் பதிவான எண்ணை வைத்து நகராட்சி முதலில் வாடகை நிறுவனத்திடம் கேட்கும். நிறுவனம் உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்பும். அப்படி எழுதி அனுப்பியதற்காக உங்கள் கடன் அட்டையிலிருந்து ஒரு ‘நிர்வாகக் கட்டணம்’ எடுத்துக்கொள்ளும். அந்தத் தொகைதான் அபராதம் என்று நினைத்துப் பலரும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். 80 யூரோவைத் தாண்டும் உண்மையான அபராதம் பிறகு தனியாக வரும். நொடியில் எண்ணைப் படித்துவிடும் ஒரு நாட்டு நிர்வாகம், அதைத் தெரிவிக்க ஏறக்குறைய ஓர் ஆண்டு எடுத்துக்கொள்வதை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. பலரும் அரைகுறையாகக் கேள்விப்பட்டு அதிலேயே சிக்கிக்கொள்வதால், அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தடைப் பகுதிக்குள் இருக்கும் விடுதியில் நீங்கள் அறை பதிவு செய்திருந்தால், உங்கள் வண்டி எண்ணை விடுதி நகராட்சிக்குத் தெரிவித்து அனுமதி பெற முடியும். ஆனால் அறை பதிவு செய்ததனாலேயே அனுமதி கிடைத்துவிடாது. வண்டி எண் உங்களுக்கே காரை எடுக்கும்போதுதான் தெரியும். ஆகவே வாடகை நிறுவனக் கவுன்டரில் நிற்கும்போதே அந்த எண்ணை விடுதிக்கு அனுப்பி, ‘பதிவு செய்துவிட்டோம்’ என்ற பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எந்த வாயில் வழியாக, எந்த நேரத்தில் வர வேண்டும் என்பதையும் கேளுங்கள், ஏனெனில் பல ஊர்களில் பெட்டிகளை இறக்கி வைக்க மட்டுமே அனுமதி. இறக்கியதும் வண்டியை வெளியே கொண்டுபோய்விட வேண்டும், மாலையில் மறுபடி நுழைந்தால் அது புதிய குற்றம். வழியில் கார் பழுதாகி வேறு கார் தந்தால் எண்ணும் மாறிவிடும், பழைய அனுமதி செல்லாது. தனியார் வீட்டைக் குறுகிய காலத்திற்கு வாடகைக்கு விடுபவர்கள் ‘தைரியமாக வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார்கள். பதிவு செய்யும் உரிமையே அவர்களில் பலருக்கு இருக்காது. சிறு குழந்தைகளோடு செல்பவருக்கு என் யோசனை, இந்த விலக்கையே நம்பாமல், தடைப் பகுதிக்கு வெளியே வண்டி நிறுத்த இடமுள்ள விடுதியாகப் பார்ப்பதுதான்.

உங்கள் வழித்தடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிங்குவே தெர்ரேயின் ஐந்து ஊர்களுக்குக் காரால் பயனில்லை. காரை லா ஸ்பெஸியாவிலோ லேவந்தோவிலோ நிறுத்திவிட்டு ரயிலில் செல்லுங்கள். அவற்றுள் கோர்னிலியாவில் மட்டும் நிலையத்திலிருந்து ஊருக்குள் செல்ல 380 படிகள் அளவுக்கு ஏற வேண்டும். மகனைத் தூக்கிக்கொண்டு ஏறாமல் சிற்றுந்தைப் பிடியுங்கள். அமால்ஃபி கடற்கரைச் சாலையோ ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதிரே பேருந்து என்றிருக்கும். வலப்புறம் ஓட்டிப் பழகாதவர் கற்றுக்கொள்ளும் இடம் அதுவல்ல. போதாக்குறைக்கு, கோடை வார இறுதிகளிலும் ஆகஸ்ட் முழுவதும் காலை 10 முதல் மாலை 6 வரை, வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைப் பொறுத்து ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் அங்கே ஓட்டலாம். நாப்போலியிலேயே காரை ஒப்படைத்துவிட்டு ரயிலில் சலேர்னோ சென்று, அங்கிருந்து படகில் அமால்ஃபிக்கும் பொசித்தானோவுக்கும் போகலாம். குழந்தைகளுக்கும் வளைவுகளில் வாந்தி வராது. கார் பயணமே முக்கியம் என்றால் தெற்கே பூலியா மாநிலம் இதைவிடப் பொருத்தம்: பாரி, பொலின்யானோ, மொனோபொலி, ஒத்ராந்தோ என்று சமதளச் சாலையிலேயே கடலோரமாகப் போய்விடலாம்.

முகவர் விஷயத்திற்கு வருகிறேன். இந்திய உரிமத்துடன் இத்தாலியில் ஓட்டச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயம். அதை வழங்குவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஓர் ஆண்டு செல்லும். இணையத்தில் டாலரில் பணம் வாங்கிக்கொண்டு ‘பத்தாண்டு செல்லும் சர்வதேச உரிமம்’ என்று வண்ண அட்டையை அனுப்புகிறவர்கள் விற்பது வெறும் அச்சிட்ட அட்டை. அதைக் காட்டினால் கவுன்டரில் கார் தராமல் திருப்பி அனுப்பக்கூடும், விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். உங்கள் முகவர் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் இணையவழி விண்ணப்பத்திற்கு இடையில் ஒருவர் தேவையே இல்லை. நம் அலுவலகங்களின் இழுத்தடிப்புதான் இவர்களுக்கு வாடிக்கையாளர்களைச் சேர்த்துத் தருகிறது. ஆகையால் புறப்படும் வாரம் வரை காத்திருக்காதீர்கள். அசல் உரிமத்தையும் கையில் வைத்திருங்கள்.

குழந்தை இருக்கை பற்றி அவர் சொன்னது டாக்சிக்குத்தான் பொருந்தும். நீங்கள் ஓட்டும் காரில் 150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள எந்தக் குழந்தையும் உரிய இருக்கையில்தான் அமர வேண்டும். உங்கள் மகளுக்கும் அவள் உயரத்திற்கேற்ற பூஸ்டர் (உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) தேவைப்படும். ஐரோப்பிய அங்கீகாரச் சீட்டு (வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்து) ஒட்டிய இருக்கைகளே செல்லும். இத்தாலியில் பதிவான காரில் 4 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை இருந்தால், குழந்தையை மறந்து இறங்கினால் ஒலியெழுப்பும் கருவியும் 2019 முதல் கட்டாயம். வாடகை நிறுவனங்கள் இருக்கையைத் தருவார்கள், கருவியைப் பற்றி வாய் திறப்பதில்லை. முன்பதிவின்போதே இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடிதம் வந்தால், அதில் வண்டி எண், இடம், தேதி, நேரம் ஆகியவற்றை உங்கள் வாடகை ஒப்பந்தத்துடன் ஒப்பிடுங்கள். வெளிநாட்டவரிடம் வசூலிக்கச் சில நகராட்சிகள் தனியார் நிறுவனங்களை அமர்த்தியிருப்பதால், அனுப்புநர் பெயர் புதிதாக இருப்பதாலேயே அதை மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள். விவரங்கள் பொருந்தினால், கையில் கிடைத்த 5 நாட்களுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். 60 நாட்கள் தாண்டினால் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.