ஜீப்ரா டேனியோ முட்டை போட்டும் குஞ்சு ஏன் மிஞ்சுவதில்லை?

இரண்டடித் தொட்டியில் நாலு ஜீப்ரா டேனியோ மீன்கள் இருக்கின்றன, காலையில் துரத்தி விளையாடுகின்றன, குஞ்சுதான் வருவதே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முட்டை போட்டுக்கொண்டுதான் இருக்கும். போட்ட வேகத்திலேயே தின்றும் விடும். டேனியோவுக்குத் தன் முட்டை, அடுத்ததன் முட்டை என்ற பேதம் கிடையாது. தாய்தகப்பன் வாயிலிருந்து முட்டையைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை.

முதலில் கூட்டத்தை எட்டு, பத்தாக்குங்கள். நாலே நாலு என்றால் ஏதாவது ஒன்று துரத்தப்பட்டே நலிந்துபோகும். வயிறு உப்பியிருந்தால் பெண். ஒல்லியாக, மஞ்சள் பூசினாற்போல் இருந்தால் ஆண். தொட்டிக்கு மூடி கட்டாயம், துள்ளிவிடும்.

முட்டைக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி வையுங்கள். அரையடித் தண்ணீர் போதும். அடியில் கோலிக்குண்டுகளை இரண்டு அடுக்காகப் பரப்புங்கள். டேனியோ முட்டை செடியில் ஒட்டாது, நேரே கீழே இறங்கும். குண்டுகளின் இடுக்குக்குள் போய்விட்டால் மீன் வாய் எட்டாது. உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் இதே மீனை வளர்க்கிறார்கள். அங்கே குண்டுக்குப் பதில் சல்லடை. 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு.

சாயங்காலம் வயிறு நிறைந்த ஒரு பெண்ணையும் இரண்டு ஆண்களையும் விட்டு விளக்கை அணையுங்கள். விடிந்து வெளிச்சம் பட்டதும் ஆண் பக்கவாட்டில் ஒட்டி நடுங்கும், முட்டை ரவைபோல உதிரும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரே காலையில் நூறு, இருநூறுகூடக் கிடைக்கலாம். முடிந்ததும் பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள். வெள்ளையாகிப்போன முட்டைகளையும் நீக்குங்கள், பூஞ்சை பரவும்.

28 டிகிரி வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியின் ஓடைகளிலும் வயல்நீரிலும் வாழ்கிற மீன், நம்மூர் வெயிலுக்கு ஹீட்டர் வேண்டாம். குஞ்சுகள் அசையாமல் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கும். செத்துவிட்டதென்று தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்! வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கருதான் அதுவரை அவற்றுக்குச் சாப்பாடு. ஐந்தாம் நாள்வாக்கில் நீந்தத் தொடங்கும்போதுதான் தீனி தேவை.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். அவித்த மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றுவார்கள், மறுநாள் தண்ணீர் நாறிவிடும். முட்டை விழுந்த அன்றே பழைய தொட்டித் தண்ணீரில் ஒரு முட்டைக்கோஸ் இலையை ஊறப்போடுங்கள். நாலைந்து நாளில் அதில் நுண்ணுயிர்கள் பெருகிவிடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். ஒரு வாரம், பத்து நாள் கழித்து அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா, அதாவது பொடி உப்புநீர் இறால் குஞ்சுகள், கொடுக்கலாம். ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகை மட்டுமே, மற்றதெல்லாம் குஞ்சை உறிஞ்சிவிடும்.

மூன்று நாலு மாதத்தில் இந்தக் குஞ்சுகளே முட்டை போடும். அதற்குள் நீளமான தொட்டி ஒன்றுக்கு வீட்டில் இடம் பார்த்து வையுங்கள். உயரத்தைவிட நீளம்தான் இவற்றுக்கு முக்கியம்.