பதவியிலிருந்து இறங்கிய பிரதமர் மீது நாடாளுமன்றம் பதவிநீக்க விசாரணை நடத்தலாமா?

மலேசியாவில் முடியாது. அப்படியொரு நடைமுறையே நம் அரசியலமைப்பில் இல்லை. பெரும்பான்மை இழந்த பிரதமர் 43(4)ஆவது பிரிவின்படி விலக வேண்டும், அல்லது நாடாளுமன்றத்தைக் கலைக்க மாமன்னரிடம் கேட்கலாம்.

அமெரிக்காவில் நடந்திருக்கிறது. டிரம்ப் அதிபர் பதவியிலிருந்து இறங்கிய பின், 2021 பிப்ரவரியில் அந்நாட்டு மேலவையான செனட் விசாரித்தது. குற்றவாளி என்றவர்கள் 57 பேர், தேவைப்பட்டதோ 67. நிரூபணமாகியிருந்தாலும் சிறை கிடையாது, தனி வாக்கெடுப்பில் மீண்டும் பதவிக்கு வரத் தடை விதிக்கலாம், அவ்வளவுதான்.

இங்கே அந்தத் தடை நீதிமன்றம் வழியாக வருகிறது. 48ஆவது பிரிவின்படி, ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ பெற்று, முழு மன்னிப்பு கிடைக்காதவர் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. விடுதலையான பிறகும் 5 ஆண்டுகளுக்குத் தடை நீடிக்கும். முன்னாள் பிரதமர் நஜிப்பின் கூட்டணி 2018 தேர்தலில் தோற்று, அவர் பதவி இழந்தார். 2020 ஜூலையில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அவருக்கு 12 ஆண்டு சிறை விதித்தது. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024இல் மன்னிப்பு வாரியம் அதைப் பாதியாக்கியது.

ஆகவே பதவிநீக்க விசாரணை இல்லாதது பெரிய குறையல்ல. கவலை 145ஆவது பிரிவில் இருக்கிறது. வழக்கு தொடுக்கவும் நிறுத்தவும் அது அதிகாரம் தந்தது சட்டத்துறைத் தலைவருக்கு. அவரோ பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கப்படுபவர், அரசாங்கத்தின் சட்ட ஆலோசகரும்கூட. இவ்விரு பொறுப்பும் ஒரே கையில் இருக்கவே கூடாது.