பொருள் பட்டியலில் இல்லை

கேள்வி: ‘டேக் ஆஃப்’ என்றால் ‘கழற்று’ என்று பள்ளியில் படித்தேன். அகராதியைத் திறந்தால் புறப்படு, விடுப்பு எடு, விலையைக் குறை, ஒருவரைப் போல நடித்துக்காட்டு என்று நீள்கிறது. இப்படி ஒழுங்கே இல்லாத மொழியை எப்படி மனப்பாடம் செய்வது?
– போட்டித் தேர்வு எழுதும் மாணவி, தஞ்சாவூர்

பதில்: மனப்பாடமே செய்யாதீர்கள். உங்களைக் குழப்பியது ஆங்கிலம் அல்ல, வாக்கியமே இல்லாமல் பொருளை மட்டும் அடுக்கித் தரும் தேர்வு வழிகாட்டிகள்தான். பஸ்ஸைப் பிடித்தான், துருப் பிடித்தது, சம்பளத்தில் பிடித்தார்கள், எனக்குப் பிடிக்கும். இந்தப் ‘பிடி’யை எந்தப் பட்டியலை வைத்துக் கற்றீர்கள்?

தடுமாற்றம் உங்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். வினையோடு சிறுசொல் ஒட்டிவரும் இந்த வகைதான் அயல்மொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். அவர் காட்டிய உதாரணங்களில் ‘டேக் ஆஃப்’பும் உண்டு. அதற்கு அவர் தந்த பொருள் ‘நகல் செய்’. விமானம் அப்போது ஏது?

‘ஆஃப்’ என்பதில் விலகல் இருக்கிறது. சட்டை உடலை விட்டு, விமானம் தரையை விட்டு, ஆள் இடத்தை விட்டு, நூறு ரூபாய் விலையை விட்டு விலகுகின்றன. தொழில் திடீரென வளர்வதும் தரையை விட்டு எழுவதுதான். நடித்துக்காட்டுவது மட்டும் இதில் எளிதாக அடங்காது. அதைத் தனியாகத்தான் கற்க வேண்டும்.

அடுத்து, செயப்படுபொருளைத் தேடுங்கள். வழிகாட்டிகள் சொல்லாமல் விடுவது இதைத்தான். ‘ஷி டுக் ஆஃப்’ என்று வாக்கியம் முடிந்தால் அவள் கிளம்பிவிட்டாள். பின்னால் சட்டையோ கண்ணாடியோ வந்தால் கழற்றினாள். திங்கட்கிழமை வந்தால் விடுப்பு. ஓர் அரசியல்வாதியின் பெயர் வந்தால் பெரும்பாலும் அவரைப் போல நடித்துக்காட்டினாள். இன்னொன்று: சட்டை என்ற பெயர்ச்சொல் ‘ஆஃப்’புக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். ‘இட்’ என்ற சுட்டுப்பெயர் நடுவில்தான் நிற்கும். ‘டுக் இட் ஆஃப்’ சரி. ‘டுக் ஆஃப் இட்’ பிழை. மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி ‘மேக் அவுட்’டை இதே போலப் பிரித்துப் பாருங்கள். சிக்கினால் எழுதுங்கள், ஆனால் அதைப் படித்த வாக்கியத்தை முழுதாக எழுதி அனுப்புங்கள். சொல்லை மட்டும் அனுப்பினால் என்னாலும் பொருள் சொல்ல முடியாது.