பர்மா தேக்கும் ஒரு வாக்கும்

கேள்வி: மியான்மர் ராணுவ ஆட்சியை இந்தியா ஏன் உரக்கக் கண்டிப்பதில்லை?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ராணுவ ஆட்சியை எதிர்த்த மியான்மர் ஜனநாயகத் தலைவி ஆங் சான் சூச்சிக்கு 1993-ஆம் ஆண்டுக்கான நேரு விருதைக் கொடுத்த அதே இந்தியாதான், ஆச்சி! 2021 ஜூனில் ஐ.நா. பொதுச்சபையில் 119 நாடுகள் ராணுவப் புரட்சியைக் கண்டித்தபோது, ஒதுங்கிய 36 நாடுகளில் நாமும் ஒன்று. 1,643 கிலோமீட்டர் எல்லை, அதற்கப்பால் பதுங்கும் கிளர்ச்சிக் குழுக்கள், பக்கத்தில் சீனா. கணக்கு புரிகிறது; மௌனம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்புத் தூண்கள் பர்மா தேக்கு. 1964-இல் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது ரங்கூன் கடையை இழந்து கப்பலேறிய ஐயா, கொண்டுவந்தது ஒரு பேரேடு மட்டும். நஷ்டஈடு வருமென்று அப்பத்தா கடைசிவரை அதைப் பெட்டகத்தில் பூட்டியே வைத்திருந்தார். இப்போது சாவி என்னிடம் இருக்கிறது.