ஊரடங்கு கேஸ் இன்னும் உங்க பேர்ல நிக்குதா? வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

கேள்வி: 2020 மே மாசம் அம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்க பைக்ல போனேன் சார். செக்போஸ்ட்ல நிறுத்தி வண்டிய புடுங்கிட்டு ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 188, 269-ன்னு கேஸ் போட்டாங்க, ஸ்டேஷன் பெயில்லயே விட்டுட்டாங்க, நானும் மறந்துட்டேன். இப்ப பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு வந்தவர் உங்க பேர்ல கேஸ் இருக்குங்கிறார். என்ன பண்றது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பயப்படாதீங்க, இதே பிரச்சனையோட நிறைய பேர் வர்றாங்க. 2021 பிப்ரவரியில அப்ப முதல்வரா இருந்த எடப்பாடி பழனிசாமி ஊரடங்கு மீறல் கேஸ் எல்லாம், சுமார் 10 லட்சம், வாபஸ்னு அறிவிச்சார். வன்முறை, போலி இ-பாஸ், போலீச வேலை செய்யவிடாம தடுத்தது, இந்த மாதிரி கேஸ் மட்டும் அதுல சேராது. உங்களோடது அப்படி இல்ல. ஆனா மேடையில அறிவிக்கிறது வேற, ஸ்டேஷன் ரெக்கார்டுல க்ளோஸ் ஆகுறது வேற, அங்கதான் உங்கள மாதிரி ஆளுங்க மாட்டிக்கிறாங்க.

முதல்ல எஃப்ஐஆர் நம்பர வாங்குங்க, ஸ்டேஷன்ல தரலன்னா ஆர்டிஐ போடுங்க. அந்த நம்பர வச்சு மாஜிஸ்திரேட் கோர்ட்ல குற்றப்பத்திரிகை போயிருக்கான்னு பாருங்க. போகலன்னா இனிமே போறது ரொம்ப கஷ்டம், ஏன்னா 188 (அதிகாரி போட்ட உத்தரவ மீறுறது), 269 (நோய் பரவுற மாதிரி அஜாக்கிரதையா நடக்கிறது) ரெண்டுக்குமே அதிகபட்ச தண்டனை ஆறு மாசம்தான், அந்த மாதிரி குற்றத்துக்கு ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட் கேஸ எடுத்திருக்கணும், கொரோனா காலத்த கழிச்சு கணக்கு போட்டாலும் கெடு எப்பவோ தாண்டிடுச்சு. பாஸ்போர்ட் சட்டமும் கிரிமினல் கோர்ட்ல நிலுவையில இருக்கிற கேஸத்தான் தடையா சொல்லுது, வெறும் எஃப்ஐஆர சொல்லல. இத பாஸ்போர்ட் ஆபீசுக்கு எழுத்துல குடுங்க. குற்றப்பத்திரிகை போயிருந்தா ஹைகோர்ட்ல ரத்து மனு போடணும். பழைய சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 482, இப்ப அதுக்கு பதிலா வந்திருக்கிற பிஎன்எஸ்எஸ் 528.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். "ஃபைன் கட்டிட்டு முடிச்சுக்கங்க, சின்ன தொகைதான்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க. குற்றத்த ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினா அது தண்டனை, காலத்துக்கும் உங்க பேர்ல நிக்கும்.

எனக்கு இதுல ரொம்ப வருத்தம் எதுன்னா, 188-க்கு போலீஸ் நேரா எஃப்ஐஆர் போடவே கூடாதுன்னு மதுரை கிளையில நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2018 செப்டம்பர்லயே சொல்லிட்டார். உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேல இருக்கிறவரோ எழுத்துல புகார் குடுத்தாதான் கோர்ட் எடுக்க முடியும், அதுதான் சிஆர்பிசி 195. அந்த தீர்ப்பு வந்து ஒன்றரை வருஷத்துல லட்சக்கணக்குல அதே 188 எஃப்ஐஆர். கூட 269 சேத்தாங்க, அது நோய் பரவும்னு தெரிஞ்சோ, அப்படி நம்ப காரணம் இருந்தோ அஜாக்கிரதையா நடந்தாத்தான் வரும். தனியா பைக்ல மாத்திரை வாங்க போனவர் யாருக்கு என்னத்த பரப்பினார்?

கேள்வி: சாத்தான்குளம் சம்பவத்த ஏன் ஊரடங்கு சட்டத்தோட முடிச்சு போடறீங்க? அது சில போலீஸ்காரங்க செஞ்ச கொடுமை, அவ்வளவுதானே? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கொடுமைதான், ஆனா அவ்வளவுதான்னு விட எனக்கு மனசு வரலம்மா. 2020 ஜூன் 19 ராத்திரி ஜெயராஜ ஸ்டேஷனுக்கு கொண்டு போய், தேடி வந்த மகன் பென்னிக்ஸையும் புடிச்சு வச்சதுக்கு சொன்ன காரணம் என்ன? செல்போன் கடைய நேரத்துக்கு மூடல. ஸ்டேஷன்ல அடிவாங்கின அப்பாவும் மகனும் கோவில்பட்டி சப்-ஜெயில்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு போய் 22-ம் தேதி மகன், 23-ம் தேதி அப்பான்னு அடுத்தடுத்து செத்தாங்க. கடை நேரம்ங்கிறது நிர்வாக விதி, மீறினா ஷட்டர இறக்க சொல்லலாம், அபராதம் போடலாம். அதுக்கும் லாக்கப்புக்கும் நடுவுல இருந்த தூரம் அந்த மூணு மாசத்துல இல்லாமலே போச்சு. ரோட்ல லத்தியால அடிச்சாங்க, தோப்புக்கரணம் போட வச்சாங்க, நம்மள்ல பல பேர் அந்த வீடியோவ ஃபார்வர்ட் பண்ணி கைதட்டினோம். 1897 தொற்றுநோய் சட்டமோ 2005 பேரிடர் மேலாண்மை சட்டமோ எதுவும் அடிக்கிற அதிகாரத்த யாருக்கும் குடுக்கல.

இதுல மாஜிஸ்திரேட்டுக்கும் பொறுப்பு இருக்கு. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்துக்கு கைது ஏன் தேவைன்னு போலீஸ் காரணம் எழுதணும், மாஜிஸ்திரேட் அத சரிபாக்கணும்னு 2014-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதே கோர்ட்தான் 2020 மார்ச்ல ஜெயில்ல கூட்டத்த குறைங்கன்னும் சொன்னது. அப்படி இருந்தும் அந்த ரெண்டு பேரையும் ரிமாண்ட் பண்ணி அனுப்பினாங்க. ஆள நேர்ல பாத்து, காயம் இருக்கான்னு கேக்கிற ஒரு நிமிஷம்தான் அந்த இடத்துல பாதுகாப்பு.

அதே ஜூன் 19 அன்னிக்குத்தான் டெல்லியில சுப்ரீம் கோர்ட் மதுரை பக்கம் சமயநல்லூர் ஸ்டேஷன் கேஸ் ஒண்ணுல தீர்ப்பு குடுத்தது. குறிச்ச நாளுக்குள்ள குற்றப்பத்திரிகை போடலன்னா ஜாமீன் குடுத்தே ஆகணும், ஊரடங்கு ஒண்ணும் எமர்ஜென்சி இல்ல, அத சொல்லி தனிமனித சுதந்திரத்த நிறுத்த முடியாதுன்னு தெளிவா எழுதினாங்க. அது அன்னிக்கு ராத்திரி சாத்தான்குளத்துக்கு எட்டல.

கேள்வி: எங்க தெருவுல ஒரு வீட்டுக்கு பாசிட்டிவ்னு தகரம் அடிச்சாங்க, வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டினாங்க. அந்த குடும்பத்தோட இன்னும் சிலர் சரியா பேசறதில்ல. அது சட்டப்படி சரியா? (வாசகர், சென்னை)

பதில்: ஸ்டிக்கர் பத்தி 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, பேரிடர் சட்டத்துல அதிகாரம் உள்ளவர் அந்த குறிப்பிட்ட கேஸுக்கு உத்தரவு போட்டாதான் ஒட்டலாம், மத்தபடி கூடாது. தகரம் இன்னும் மோசம், உள்ள தீ புடிச்சா, யாருக்காவது நெஞ்சு வலி வந்தா எப்படி வெளிய வருவாங்க? தனிமைப்படுத்துறது மருத்துவம், வீட்ட அடைச்சு வைக்கிறது சிறை.

கேள்வி: உயிர் போற நேரத்துல உரிமை பேசலாமா? கட்டுப்பாடு இல்லன்னா இன்னும் எத்தன பேர் செத்திருப்பாங்க? (வாசகர், ஈரோடு)

பதில்: கட்டுப்பாடு வேணும், அதுல உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்ல. நடமாடுற உரிமைக்கு பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம்னு அரசியல் சட்டம் 19(5)-லயே இருக்கு. நான் கேக்கிறது, எந்த சட்டத்துல, எவ்வளவு நாளைக்கு, தேவைக்கு மேல போகாம இருக்கான்னு. இத சரியா செய்ய முடியும்ங்கிறதுக்கு நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. 2020 செப்டம்பர்ல 1939 பொது சுகாதார சட்டத்த திருத்தி மாஸ்க் போடலன்னா 200 ரூபா, எச்சில் துப்பினா 500 ரூபான்னு அபராதம் வச்சாங்க. தொகை தெரியும், எஃப்ஐஆர் இல்ல, வண்டி பறிமுதல் இல்ல. இத மார்ச் மாசமே செஞ்சிருந்தா திண்டுக்கல் வாசகர் இன்னிக்கு பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்காது.

தொற்றுநோய்ங்கிற பேர்ல வேற கணக்கும் தீர்த்தாங்க. குஜராத்ல ஃபேக்டரி வேலை நேரத்த 12 மணி நேரமாக்கி ஓவர்டைம் டபுள் கூலியும் கிடையாதுன்னு அரசு உத்தரவு போட்டுச்சு, 2020 அக்டோபர் 1 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ணிச்சு. அந்த 12 மணி நேரம் யார் உயிர காப்பாத்த?

இப்ப ஐபிசி போய் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்திருக்கு. பழைய 188 இப்ப 223, தண்டனையும் கூடியிருக்கு, ஆபத்து வர்ற மாதிரி மீறினா ஒரு வருஷம் வரைக்கும் போகலாம். ஆனா அதிகாரி எழுத்துல புகார் குடுக்கணும்ங்கிற விதி பிஎன்எஸ்எஸ் 215-ல அப்படியே இருக்கு. எப்ப, எதுக்காக 223 போட்டாலும், கோர்ட்ல உங்க வக்கீல் முதல்ல கேக்க வேண்டியது அந்த புகார் காப்பியத்தான்.